தண்ணீர் எங்கே நிற்கிறது? செயற்கை இழை ஷேவிங் பிரஷ்: முதல்முறை வாங்குவோருக்கு

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஷேவிங் பிரஷ் அருகருகே நிற்கின்றன. ஒன்று அப்பாவுடையது. மரக் கைப்பிடி, வெளிர்மஞ்சள் பன்றிமுடி. பல வருடம் புழங்கியதில் ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்து, தொட்டால் இலவம்பஞ்சு மாதிரி இருக்கும். இன்னொன்று என்னுடையது. போன தீபாவளிக்கு முன் 45 வெள்ளிக்கு வாங்கினேன். கறுப்பு இழை, வெள்ளை நுனி. விலங்கு முடி ஒன்றுகூட அதில் இல்லை, எல்லாம் செயற்கை இழை.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கு அப்பா அதைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் நுனியைத் தடவிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கா இது? இதுல தண்ணி நிக்குமா?" என்று கேட்டார்.

பிரஷைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதுதான். விலை, பிராண்டு, கைப்பிடியின் அழகு எல்லாம் அதற்கு அப்புறம். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், இந்தப் பிரஷை எப்படி நனைப்பது, எவ்வளவு சோப் எடுப்பது, எவ்வளவு அழுத்துவது, எப்படிக் காயவைப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

டப்பாவை அழுத்தினால் நுரை வந்துவிடுகிறதே, பிரஷே எதற்கு என்று சிலர் கேட்பார்கள். காய்ந்த தாடி முடி, அதே பருமன் உள்ள செப்புக் கம்பி அளவுக்கு வெட்டுவதற்குக் கடினமானது என்று சொல்வார்கள். அதே முடி இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும், பிளேடு சுலபமாக இறங்கும். ஆக, சவரத்தில் உண்மையான வேலையைச் செய்வது தண்ணீர். அந்தத் தண்ணீர் முகத்தை விட்டு ஓடிவிடாமலும் காய்ந்துவிடாமலும் முடியோடு பிடித்து வைப்பது நுரையின் வேலை. சோப்பையும் தண்ணீரையும் காற்றையும் சரியான அளவில் கலந்து, தோலோடு படுத்துக் கிடக்கும் முடியைத் தூக்கி, அதன் அடி வரைக்கும் அந்தக் கலவையைக் கொண்டு சேர்ப்பது பிரஷ். டப்பா நுரை ஏற்கெனவே கலந்து வருவது. அதில் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு வழியில்லை.

விலங்கு முடி, அது பன்றியோ குதிரையோ பேட்ஜர் என்ற வளை தோண்டும் காட்டு விலங்கோ, நம் தலைமுடி போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டின் தண்ணீரை உள்ளே இழுக்கும். முழுக்க நனைந்தால் 100 கிராம் முடி ஏறக்குறைய 30 கிராம் தண்ணீரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பன்றிமுடி பிரஷைச் சவரத்துக்கு முன் சில நிமிடம் ஊறவைப்பது இதற்காகத்தான். ஊறாத பன்றிமுடி விளக்குமாறு மாதிரி குத்தும், ஊறினால்தான் வளையும். காலையில் பல் தேய்க்கப் போகும்போதே அப்பா ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் பிரஷைக் கவிழ்த்து வைத்துவிடுவார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த காட்சி அது.

இப்போது கிடைக்கும் நல்ல செயற்கை பிரஷ்களில் பெரும்பாலும் இருப்பது பிபிடி என்ற இழை. பாலிபியூட்டிலின் டெரிப்தாலேட் என்பது முழுப்பெயர். பாலியஸ்டர் குடும்பம். நம் பல் துலக்கும் பிரஷ் பலவற்றிலும் இதே இழைதான். 100 கிராம் பிபிடியைத் தண்ணீரில் போட்டால் ஒரு கிராம்கூட உள்ளே போகாது. அப்படியானால் பிரஷில் தண்ணீர் எங்கே நிற்கிறது? இழைக்கும் இழைக்கும் இடையில் இருக்கும் சந்துகளில். ஈரத் துணியின் நூல்களுக்கு நடுவே தண்ணீர் தங்குகிற மாதிரி, பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைக்கிறது. சந்தில் நிற்கிற தண்ணீர் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். முடிக்கு உள்ளே போன தண்ணீர் மெதுவாகத்தான் வெளியே வரும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பிரஷையும் ஐந்து நிமிடம் வெந்நீரில் வைத்தேன். எடுத்து, இரண்டையும் மூன்று மூன்று தடவை பலமாக உதறினேன். பிறகு ஆளுக்கொரு டிஷ்யூ தாளில் நுனியை லேசாக ஒற்றினேன். என் பிரஷ் ஒரு நாணயம் அளவுக்கு ஈரம் விட்டது, அவ்வளவுதான். அப்பாவுடையது தாளின் பாதியை நனைத்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒற்றினால் மறுபடியும் ஈரம். தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிந்தது. பன்றிமுடி காய்ந்திருந்தபோது இருந்ததைவிட நன்றாகத் தளர்ந்து தடித்திருந்தது. செயற்கை இழையோ தண்ணீருக்குள் போனதே தெரியாத மாதிரி அதே வில் விறைப்போடு இருந்தது.

புதிதாக வாங்குபவர் தடுமாறும் இடமும் இதுதான். முதல் நான்கு நாள் நானும் தடுமாறினேன். அப்பா செய்வதைப் பார்த்தே பழகியவன் என்பதால் நானும் நன்றாக ஊறவைத்து, ஒரே ஒரு தடவை உதறிவிட்டு, சொட்டச் சொட்ட சோப்பில் சுற்றினேன். சோப் கரைந்து பால் மாதிரி கிண்ணத்தில் தேங்கியது. முகத்தில் வைத்ததும் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வழியாகச் சொட்டியது. முகத்தில் மிஞ்சியதோ கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம். ஐந்தாம் நாள் தண்ணீரைக் குறைத்தேன். அன்றைக்கு வந்த நுரையைப் பார்த்துத்தான் பிரஷில் குறையே இல்லை என்று தெரிந்தது.

செயற்கை பிரஷை ஊறவைக்கவே வேண்டாம். குழாயில் ஒரு தடவை காட்டினால் போதும். பிறகு கை வலிக்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை உதறுங்கள். நுனி ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தலைகீழாகப் பிடித்தால் சொட்டக் கூடாது. கட்டி சோப் என்றால் அதன் மேல் நான்கைந்து சொட்டு வெந்நீர் விட்டு, நீங்கள் முகம் கழுவும் நேரத்துக்கு அப்படியே விட்டுவிடுங்கள். மேல்பரப்பு கொஞ்சம் இளகியிருக்கும். இப்போது பிரஷ் நுனியை வைத்து இருபது முப்பது விநாடி சுற்றுங்கள். முதலில் பெரிய குமிழ்கள் வரும், அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். கொஞ்ச நேரத்தில் குமிழ் அடங்கி, நுனியில் பசை மாதிரி ஒன்று சேரும். அதுதான் வேண்டும். கிரீம் என்றால் இந்த வேலையே கிடையாது. அப்பாவின் பிரஷுக்கு ஒரு பாதாம் பருப்பு அளவு கிரீம் எடுப்போம், இதற்கு ஒரு கொண்டைக்கடலை அளவே தாராளம். பன்றிமுடி தான் எடுத்த நுரையில் ஒரு பங்கைத் தன் கொத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். செயற்கை இழை எடுத்ததை அநேகமாக முழுவதுமாக முகத்துக்குக் கொடுத்துவிடும்.

பசை சேர்ந்ததும் தண்ணீரைக் கூட்டும் வேலை. எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றாமல், நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முகத்திலோ கிண்ணத்திலோ சுற்ற வேண்டும். இரண்டு மூன்று தடவை தொட்டால் ஓர் இடத்தில் நுரை மாறுவது கண்ணுக்கே தெரியும். மந்தமாக இருந்த வெள்ளையில் ஒரு பளபளப்பு ஏறும். கிரைண்டரிலிருந்து அப்போதுதான் வழித்தெடுத்த உளுந்து மாவைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பதம்: கனமில்லை, ஆனால் கலைவதும் இல்லை, விரலால் எடுத்தால் வளைந்து நிற்கும். மாமாக் கடையில் தே தாரிக்கை உயர ஆற்றி ஊற்றும்போது மேலே திரளுமே, அந்த நுரை சவரத்துக்கு ஆகாது. பார்க்க நிறைய இருக்கும், ஒரு நிமிடத்தில் உடைந்து போகும். அதில் காற்றுதான் அதிகம். சவர நுரையில் குமிழ் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்க வேண்டும்.

இங்கே நம்மூர்த் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்குக் குழாயில் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர். சோப் சுலபமாக நுரைக்கும். தமிழ்நாட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும், சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம், நுரை வராது. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடுகின்றன. அப்படிப்பட்ட ஊருக்குப் போகும்போது சோப்பைக் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள், பிரஷ்மேல் பழி போடாதீர்கள்.

அழுத்தத்துக்கும் தண்ணீர்க் கணக்குதான் காரணம். பன்றிமுடி ஊறித் தளர்ந்துவிடுவதால் கொஞ்சம் அழுத்தினால்தான் விரியும். செயற்கை இழை தளர்வதில்லை, தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். வேகமாக வட்டம் சுற்றினால் நுனி விடுபட்டுக் கண்ணாடியிலும் சுவரிலும் நுரையைத் தெளிக்கும். அதனால் முதலில் மெதுவாகச் சின்ன வட்டங்கள், அப்புறம் சுவருக்குச் சாயம் அடிக்கிற மாதிரி மேலும் கீழும். நுனியில் மூன்றில் ஒரு பங்கு வளைந்தால் போதும். கைப்பிடி முகத்தில் இடிக்கும் அளவுக்கு அமுக்குபவர்களின் பிரஷில் சில மாதங்களில் கொத்தின் நடுவே குழி விழுந்துவிடும். நடு இழைகள் அடியில் முறிந்து போவதுதான் காரணம்.

அப்பா சந்தேகப்பட்டதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. நைலான் கண்டுபிடிக்கப்பட்டபோது கடைக்கு வந்த முதல் பொருள் காலுறை அல்ல, பல் பிரஷ். 1938இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழையோடு அது வந்தது. அதுவரை பல் பிரஷிலும் பன்றிமுடிதான். அதே நைலானை ஷேவிங் பிரஷிலும் வைத்துப் பார்த்தார்கள். அந்த இழை தடிமன், நுனி மொட்டையாக வெட்டியது, முகத்தில் குத்தும். தண்ணீர் அதில் நிற்காமல் ஒழுகிவிடும். அந்தக் காலத்துப் பிரஷைத் தொட்டவர்கள் செயற்கை என்றாலே முகம் சுளிப்பது நியாயம்தான்.

இப்போதைய இழையில் இரண்டு மாற்றம் நடந்திருக்கிறது. இழை மிக மெல்லியதாகிவிட்டது. மெல்லிய இழை என்றால் அதே கொத்தில் அதிக இழை, அதிக சந்து, ஆகவே தண்ணீர் நிற்க அதிக இடம். இரண்டாவது, நுனி ஊசி போல் கூராகப் போகிறது. பிபிடி இழையின் நுனியைக் காரக் கரைசலில் முக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக அது கரைந்து கூராகும். இதுவும் பல் பிரஷ் தொழிலில் செய்வதுதான். அதோடு சில இழைகளை லேசாக அலைபோல் சுருட்டி வைக்கிறார்கள், ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்காமல் இடைவெளி விடுவதற்காக. பேட்ஜர் முடி இயற்கையாகவே நுனி மெலிந்திருக்கும். என் பிரஷின் வெள்ளை நுனிக்கும் அதே சாயல்.

முடியைப் போலச் செய்து விற்பது புதிதல்ல, ஒரு காலத்தில் அது ஆளையே கொன்றிருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவில் சுத்தம் செய்து வந்த முடி வரத்து தடைப்பட்டது. கிழக்கிலிருந்து வந்த குதிரைமுடியைச் சரியாகக் கிருமி நீக்காமல், பேட்ஜர் முடி போலத் தோற்றம் கொடுத்து மலிவு பிரஷ்களில் வைத்து விற்றார்கள். அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் இருந்தன. சவரத்தில் பட்ட சின்ன வெட்டு வழியாகப் பிரிட்டன், அமெரிக்கப் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொற்றி, பலர் இறந்தார்கள். இன்றைக்கு விற்கும் விலங்கு முடி சுத்தம் செய்துதான் வருகிறது, பயப்பட வேண்டியதில்லை.

மலேசியாவில் வேறொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பன்றிமுடி பிரஷை முஸ்லிம் நண்பர்கள் தொட மாட்டார்கள். பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்திலிருந்து செய்த பொருளானாலும் அதை விற்பவர் தெளிவாக எழுதி, தனியாக வைக்க வேண்டும் என்று 2013இல் ஆணை வந்தது. 2017 பிப்ரவரியில் அப்படி எழுதாமல் விற்ற பன்றிமுடித் தூரிகைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் பறிமுதல் செய்யப்பட்டன. அவை பெயிண்ட் அடிக்கும் தூரிகைகள். ஆனாலும் அதற்குப் பிறகு எந்தத் தூரிகையைப் பார்த்தாலும் என்ன முடி என்று கேட்கும் பழக்கம் பலரிடம் வந்துவிட்டது.

லெபோ பசார் பக்கம் நான் பள்ளிக்கூட நாளிலிருந்து போகிற முடிதிருத்தும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பதும் செயற்கை பிரஷ்தான் என்பதை அண்மையில்தான் கவனித்தேன். "எப்போ மாத்துனீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாச்சு தம்பி. மலாய்க்காரப் பையனுங்க உட்கார்ந்ததும் முதல்ல பிரஷைத்தான் பார்ப்பானுங்க. இது என்ன முடின்னு கேட்டா, முடியே இல்லப்பா, நூலுன்னு சொல்லிடுவேன். நம்ம ஆளுங்கள்லயும் சைவம் சாப்பிடுறவங்க கேக்குறாங்க" என்றார். பேசிக்கொண்டே பிரஷைக் குழாயில் அலசி, மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பாதி பிளேடை உடைத்துப் போடுகிற மாதிரி, ஒவ்வொருவருக்குப் பிறகும் பிரஷை சோப்புப் போட்டுக் கழுவுவது அவர் வழக்கம். உள்ளே எதையும் இழுத்துக்கொள்ளாத இழை என்பதால் அலசினால் சுத்தமாகிவிடுகிறது, அடுத்தவர் உட்காருவதற்குள் ஈரமும் வடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இருபது முகம் பார்க்கும் கடைக்கு இது சின்ன வசதி அல்ல.

நம்மூர் ஈரக்காற்றில் இது வீட்டுக்கும் பொருந்தும். அப்பாவின் பிரஷ் அடி வரை காய ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். மழை மாதத்தில், சன்னல் இல்லாத குளியலறையில் இரண்டு நாள்கூட ஆகலாம். ஈரம் காயாமல் மறுபடி மறுபடி நனைந்தால் பூஞ்சை வாடை வரும். அதனால் பன்றிமுடி பிரஷ் வைத்திருப்பவர்கள் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். என் பிரஷை காலை ஏழு மணிக்கு உதறி வைத்தால், வேலையிலிருந்து வந்து தொடும்போது எலும்பாகக் காய்ந்திருக்கிறது. கோலாலம்பூருக்கு ரயிலில் போகும்போது பையில் போட்டுக்கொள்ளவும் கவலை இல்லை.

இதில் எனக்குக் கிடைக்காத ஒன்றும் உண்டு. பன்றிமுடி தோலில் போகும்போது ஒரு சொரசொரப்பு இருக்கும், அரிப்பெடுத்த இடத்தைச் சொறிவது போன்ற சுகம். செயற்கை இழை அதைத் தராது, பூனையின் வயிற்றைத் தடவுகிற மாதிரி வழுவழுவென்று போய்விடும். வெந்நீரின் சூட்டையும் விலங்கு முடி கூடுதல் நேரம் வைத்திருக்கும். பினாங்கு வெயிலில் யாரும் அதைத் தேடப் போவதில்லை. கேமரன் மலையில் இருக்கும் என் சித்தப்பா தேடுவார், அவருக்கு நான் பேட்ஜர்தான் சொல்வேன். இன்னொன்று, செயற்கை இழை பெட்ரோலியத்தில் பிறந்தது, மண்ணில் மக்காது. வாங்கினால் பல வருடம் புழங்குங்கள், நிறத்துக்கு ஒன்றாக வாங்கி அடுக்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தாடி வளர்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட தாடியில் நேராக நுரை போட்டால் மென்மையான செயற்கை இழை மேலோடு வழுக்கிப் போகும், அடித்தோலுக்கு நுரை போய்ச் சேராது. முதலில் கத்தரியாலோ டிரிம்மராலோ ஒட்டக் குறைத்துவிட்டு, வெந்நீர்த் துணியை முகத்தில் வைத்து எடுத்து, அப்புறம் பிரஷைத் தொடுங்கள். நம்மில் பலருக்குத் தாடி முடி சுருள். ஒட்ட மழித்தால் நுனி தோலுக்குள் திரும்பி முளைத்துக் கொப்புளம் ஆகும். அப்படி ஆகிறவர்கள் முடி போகும் திசையிலேயே ஒரு தடவை மழித்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கொத்தின் அடி விட்டத்தைப் பாருங்கள். 24 மில்லிமீட்டர் அநேகமாக எல்லா முகத்துக்கும் பொருந்தும். 22க்குக் கீழே போனால் மூக்கின் கீழ் வேலை சுலபம், ஆனால் நுரை கொஞ்சமாகத்தான் வரும். 26க்கு மேல் சின்ன முகத்துக்கு அதிகம். சீனாவின் யாக்கி, இத்தாலியின் ஒமேகா, ஜெர்மனியின் மூலே மூன்றும் செயற்கை பிரஷ் செய்கின்றன. முதல் பிரஷுக்கு மூலே அளவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கடையில் தொட்டுப் பார்க்க முடிந்தால் உள்ளங்கையில் நுனியை அமுக்குங்கள். குத்தினால் வேண்டாம்.

பராமரிப்புக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. சவரம் முடிந்ததும் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள், அடிக்கொத்தைக் கட்டைவிரலால் பிரித்து அங்கே தங்கும் சோப்பையும் கழுவுங்கள், உதறுங்கள், காற்று படும் இடத்தில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, இழையும் வளையும், அடியில் பிடித்திருக்கும் பசையும் தளரும். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் படிந்த சோப்புப் பிசுக்கு கரைந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி வைத்திருந்தபோது அப்பா தன் பிரஷையும் கொண்டுவந்து அதே கிண்ணத்தில் கவிழ்த்தார். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் அலசி உதறினோம். மாலையில் அவருடையது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.